பெயரில்லாத் தீவுகள் என்று எவையும் இல்லை: அந்தமான் இடப்பெயர்களின் வரலாறு

அந்தமானுக்கு விடுமுறைக்குச் செல்வோரின் பயண நிரல் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். முதல் நாள் செல்லுலர் சிறையும் கார்பின்ஸ் கோவ் கடற்கரையும். மறுநாள் ராஸ் தீவும் நார்த் பேயின் பவளப்பாறைகளும். பிறகு கப்பலேறி ஹேவ்லாக், அங்கிருந்து நீல். நாள் மிஞ்சினால் பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகள். இவ்விடங்களின் அழகை மறுப்பார் இல்லை. ஹேவ்லாக்கின் ராதாநகர்க் கடற்கரையை 'டைம்' இதழ் 2004இல் ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரையாகத் தேர்ந்தெடுத்தது. 2020இல் இந்தியாவில் முதன்முதலாக 'நீலக் கொடி'ச் சான்று பெற்ற எட்டுக் கடற்கரைகளுள் அதுவும் ஒன்று. வெண்மணல், ஆழத்திற்கேற்ப நிறம் மாறும் நீர், மணலின் விளிம்புவரை இறங்கிவரும் மழைக்காடு என மூன்றும் ஒருங்கே அமைந்த அந்த இடத்திற்கு அப்பெருமை தகும்.

ஆயின் பயணச்சீட்டில் அச்சாகியிருக்கும் பெயர்களைச் சற்று நின்று கேட்போர் குறைவு. ராஸ், ஹேவ்லாக், நீல், கார்பின், ஹாரியட் என்போர் யாவர்? ராதையும் சீதையும் லட்சுமணனும் இத்தீவுகளின் கரைகளுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர்? அண்மை ஆண்டுகளில் அடுத்தடுத்து நிகழ்ந்த பெயர்மாற்றங்கள் எதை நீக்கின, எதை நிறுவின? இவர்கள் எல்லோருக்கும் முன்னர் இக்கரைகள் எப்பெயரால் அழைக்கப்பட்டன? அந்தமானின் வரலாற்றை இக்கேள்விகளின் வழியே படிக்க முடியும்.

இடப்பெயர் மொழியில் விந்தையானதொரு வகை. பொதுச்சொல் தன் பொருளை இழந்தால் வழக்கொழிந்துவிடும். இடப்பெயரோ பொருள் மறந்துபோன பின்னும் குறைவின்றித் தன் வேலையைச் செய்யும். சென்னையின் ஜார்ஜ் டவுனுக்குச் சரக்கெடுக்கச் செல்பவர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய தேவையும் அவருக்கில்லை. இம்மறதியே இடப்பெயரை வரலாற்றுச் சான்றாக்குகிறது. பயன்படுத்துவோர் மறந்துவிட்ட ஒன்றை அது சுமந்துகொண்டே இருக்கிறது. ஓரிடத்திற்குப் பெயரிடும் அதிகாரம் எந்தக் காலத்தில் எவர் கையில் இருந்தது என்பதே அது.

ஐரோப்பியரின் அளவைப் பணிக்கு நெடுங்காலம் முன்பே அந்தமான் கடலோடிகளின் கதைகளில் இடம்பெற்றிருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு நூல்கள் இத்தீவினரை நரமாமிசம் உண்போர் என்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மார்க்கோ போலோ 'அங்கமனைன்' என்ற பெயரில் இத்தீவைக் குறித்து, இங்குள்ளோர் நாய்முகம் கொண்டவர் என்று எழுதினார். இவை தொலைவிலிருந்து கேட்டுச் சொல்லப்பட்டவை. தீவுகளைக் கோடு போட்டு வரைந்து, கோட்டுக்குள் பெயர் எழுதும் பணி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் அளவையாளர் ஜான் ரிச்சியின் பெயர், தெற்கு அந்தமானுக்குக் கிழக்கே கிடக்கும் தீவுக்கூட்டத்திற்கு இடப்பட்டது. ஹேவ்லாக்கும் நீலும் இந்த ரிச்சி தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தவை. 1788-89இல் ஆர்ச்சிபால்ட் பிளேயர் கடற்கரையை அளந்தார். 1789இல் சாத்தம் தீவில் கம்பெனி ஒரு குடியிருப்பை நிறுவியது. 1792இல் அது வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டது. நோயும் சாவும் மிகுந்ததால் 1796இல் அடியோடு கைவிடப்பட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தமானில் கம்பெனியின் குடியிருப்பு ஏதும் இல்லை.

இந்நிலையை மாற்றியது 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி. கிளர்ச்சியாளரை நாடு கடத்த ஓரிடம் தேவைப்பட்டது. 1858 மார்ச் 10 அன்று ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கினார். துறைமுகம் பிளேயரின் பெயரைப் பெற்றது. ரிச்சி தீவுக்கூட்டத்தின் தீவுகளுக்கோ அக்கிளர்ச்சிக் காலத்தின் ஆங்கிலேயத் தளபதிகளும் அதிகாரிகளும் பெயராயினர். ஹென்றி ஹேவ்லாக், ஜேம்ஸ் நீல், ஜேம்ஸ் அவுட்ராம், ஜான் நிக்கல்சன், ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், ஹியூ ரோஸ் என அப்பட்டியல் நீள்கிறது. கான்பூரையும் லக்னோவையும் ஜான்சியையும் ஒடுக்கிய போரின் ஆள்பெயர் நிரலை அப்படியே கடலில் பரப்பிவைத்தது போன்றது இவ்வேற்பாடு. கிளர்ந்தெழுந்தவர்கள் சங்கிலியுடன் கொண்டுவரப்பட்ட கடற்பரப்பின் வரைபடத்தில் அவர்களை வென்றவர்களே நிரம்பியிருந்தனர்.

இப்பட்டியலில் தமிழகத்தோடு நேரடித் தொடர்புடையவர் ஜேம்ஸ் நீல். சென்னைப் படைப்பிரிவான மதராஸ் பியூசிலியர்ஸைச் சேர்ந்த அவர் 1857இல் அந்தப் படையோடு வடக்கே சென்றார். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் விதித்த தண்டனைகளின் கொடூரம் ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களாலேயே பதிவு செய்யப்பட்டுள்ளது. கான்பூரில் தூக்கிலிடுவதற்கு முன் கைதிகளை இரத்தக் கறையைத் துடைக்கவும் நாவால் தொடவும் வைத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று லக்னோவில் கொல்லப்பட்டார். ஹேவ்லாக் இரு மாதங்கள் கழித்து நவம்பரில் வயிற்றுப்போக்கால் இறந்தார். வாழ்ந்த காலத்தில் இவ்விருவரும் ஒத்துப்போனதில்லை. தன் அதிகாரத்தில் தலையிடுவதாக நீலை ஹேவ்லாக் கடுமையாக எச்சரித்திருக்கிறார். இன்றைய சுற்றுலாப் படகு ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவான பயணத்தில் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் கொண்டு சேர்க்கிறது.

நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு சிலை நின்றது. அதை அகற்றக் கோரி 1927இல் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்தனர். பலர் சிறை சென்றனர். காந்தியும் ஆதரவு தெரிவித்தார். 1937இல் இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பொறுப்பேற்றதும் சிலை தெருவிலிருந்து அகற்றப்பட்டு அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. சிலை போய்ச் சரியாக 81 ஆண்டுகள் கழித்தே, 2018இல், அதே மனிதரின் பெயர் தீவிலிருந்து நீங்கியது. நாட்டின் நடுத்தெருவில் கண்ணுக்குத் தெரிந்த அவமதிப்பு மக்களைத் திரட்டியது. கடலுக்கு அப்பால் ஒரு தீவின் மேல் எழுதப்பட்ட அதே அவமதிப்பை எவரும் கவனிக்கவில்லை.

கவனிக்காமல் போனதற்கு மொழியும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் இரண்டு 'எல்'களுடன் எழுதப்பட்ட அப்பெயர் காலப்போக்கில் ஓர் 'எல்'லை இழந்தது. தீவில் குடியேறிய வங்காளியரின் காதிலும் இந்தி பேசுவோரின் காதிலும் 'நீல்' என்பது நிறத்தைக் குறிக்கும் தங்கள் சொந்தச் சொல்லாகவே ஒலிக்கும். சுற்றிலும் நீலக்கடல் இருக்கையில் நீல் தீவு என்ற பெயருக்கு வேறு விளக்கம் எதற்கு? கொடுங்கோலனின் பெயர் ஒலி ஒப்புமையால் கழுவப்பட்டு, சுற்றுலாவுக்கு உகந்த அழகிய பெயராகிவிட்டது. வேற்றுமொழிப் பெயருக்குத் தன் மொழியில் பொருள் காணும் இவ்வழக்கத்தை மொழியியலார் மக்கள் சொற்பிறப்பு என்பர். வரலாற்றை மறைக்க எவரும் திட்டமிட வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ராஸ் தீவின் கதை இதைவிடக் கடுமையானது. கடல் அளவையாளர் டேனியல் ராஸின் பெயரைத் தாங்கிய அச்சிறு தீவே தண்டனைக் குடியேற்றத்தின் தலைமையிடம். தேவாலயம், ஆணையர் மாளிகை, அடுமனை, மன்றங்கள் எல்லாம் அங்கே எழுந்தன. 1941ஆம் ஆண்டு நிலநடுக்கமும் அடுத்த ஆண்டு ஜப்பானியர் வருகையும் அந்த வாழ்வை முடித்துவைத்தன. இன்று செங்கற் சுவர்களைக் கவ்விப் படர்ந்த ஆலம் வேர்களும் இடிபாடுகளுக்கிடையே உலவும் மான்களும் படமெடுப்போரைக் கவர்கின்றன. அவ்விடிபாடுகளின் அழகில் சொல்லப்படாமல் நிற்பது, அத்தீவிலிருந்து தொடங்கிய மற்றோர் அழிவு.

காட்டை வெட்டிக் குடியேற்றம் விரிந்தபோது அந்நிலத்துக்குரிய அந்தமானியர் எதிர்த்தனர். 1859 மே மாதத்தில் போர்ட் பிளேயரின் அபர்டீன் பகுதியை அவர்கள் தாக்கினர். அத்திட்டத்தை முன்கூட்டியே ஆங்கிலேயரிடம் தெரிவித்தவர் துத்நாத் திவாரி. தப்பியோடிய கைதியான அவர் ஏறத்தாழ ஓராண்டு அந்தமானியரோடு வாழ்ந்து, அவர்களுள் மணமுடித்து, பின் காட்டிக்கொடுத்து மன்னிப்புப் பெற்றார். வில்லும் அம்பும் பீரங்கிக்கு முன் தோற்றன. 1863இல் பாதிரியார் ஹென்றி கார்பின் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' தொடங்கினார். காட்டு மக்களைக் கொண்டுவந்து ஆடையும் ஆங்கிலமும் பழக்குவது அதன் நோக்கம். அவ்வாண்டின் தொடக்கத்தில் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த ஒருவன் கொல்லப்பட்டதற்காகப் பிடிக்கப்பட்ட இரு அந்தமானியருக்கு மாலுமிகள் வைத்த பெயர்கள் 'ஜம்போ', 'ஸ்னோபால்'. கொல்லப்பட்டவன் ஒரு பெண்ணை வன்புணர முயன்றவன் என்பது பின்னரே தெரியவந்தது. கரிய நிறத்தவர் ஒருவருக்குப் பனியுருண்டை என்று பெயரிட்டுச் சிரித்த அதே காலத்தில்தான் தீவுகளுக்கும் பெயர்கள் இடப்பட்டன. நிலத்திற்கு வைத்த பெயர்களில் மரியாதை தொனித்தது, மனிதருக்கு வைத்தவற்றில் ஏளனம் தொனித்தது. இரண்டிலும் பெயருக்கு உரியோரை எவரும் கேட்கவில்லை. நகருக்கு மிக அருகில், தென்னை வரிசையோடு சுற்றுலாப் பயணியின் முதல் மாலையை வரவேற்கும் கடற்கரை கார்பினின் பெயரையே கொண்டது.

இல்லத்தின் வழியாகவும் குடியேற்றத்தின் வழியாகவும் நோய்கள் பரவின. 1870களில் மேகநோயும், 1877இல் தட்டம்மையும் அந்தமானியரை வாரிக்கொண்டு போயின. குடியேற்றம் தொடங்கியபோது சில ஆயிரங்களாக மதிப்பிடப்படும் பெரிய அந்தமானியரின் எண்ணிக்கை 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 ஆகவும், 1961இல் 19 ஆகவும் சுருங்கியது. போர்ட் பிளேயர்ப் பகுதியில் வழங்கிய அகா-பெயா மொழியும், ரிச்சி தீவுக்கூட்டத்தில் வழங்கிய அகர்-பாலே மொழியும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே பேசுவோரின்றி மறைந்தன. ஹேவ்லாக், நீல் தீவுகளின் முதற்பெயர்களைத் தாய்மொழியாக உச்சரித்தவர் அகர்-பாலே மக்களே.

அழகைக் காணச் சென்ற ஒருவரின் மரணமும் இவ்வரலாற்றில் உண்டு. துறைமுகத்திற்கு எதிரே எழும் மலைக்கு, கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி ஹாரியட்டின் பெயர் இடப்பட்டிருந்தது. 1872 பிப்ரவரி 8 அன்று இந்தியத் தலைமை ஆளுநர் மேயோ பிரபு, சூரியன் மறையும் காட்சியைக் காண மவுண்ட் ஹாரியட்டில் ஏறினார். இருட்டியபின் இறங்கி, ஹோப்டவுன் படகுத்துறையை அடைந்தபோது ஷேர் அலி அப்ரிதி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றார். ஷேர் அலி வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார். 1891ஆம் ஆண்டுப் போருக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் அரசர் குலச்சந்திர சிங்கும் பிறரும் வைக்கப்பட்டிருந்ததும் இம்மலையில்தான். அந்நினைவாக 2021இல் அது மவுண்ட் மணிப்பூர் ஆயிற்று. சென்ற தலைமுறை இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தென்னைகளுக்கிடையே தெரியும் கடற்காட்சி இம்மலையிலிருந்து காணும் நார்த் பே என்பர். இந்தியர் கோடிக்கணக்கானோர் கையில் பிடித்திருந்த 'அழகிய தீவு' என்ற படிமத்தின் பார்வைப்புள்ளி, ஒரு சிறைக் குடியேற்றத்தின் மலையுச்சி.

ஆட்சியாளர் வைத்த பெயர்களுக்கு அடியில், குடியேறியவர்கள் வைத்த பெயர்கள் வேறோர் அடுக்காகப் படிந்துள்ளன. 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிளமார் தெற்கு அந்தமானில் தங்கள் ஊர்களுக்குக் காலிக்கட், திரூர், மண்ணார்காடு என்று பெயரிட்டனர். 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் மாயாபந்தர் அருகே வேபி என்ற ஊரை அமைத்தனர். 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த பிரிவினை அகதிகள் அரசுத் திட்டங்களின் கீழ்க் குடியமர்த்தப்பட்டனர். ஹேவ்லாக்கில் அவர்கள் அமைத்த ஊர்களுள் ராதாநகர், கோவிந்தநகர், கிருஷ்ணநகர், ஷ்யாம்நகர் ஆகியவை அடங்கும். நீலில் சீதாபூர், ராம்நகர், பரத்பூர், லட்சுமண்பூர். இன்று உலகப் பயணிகள் சூரியோதயத்திற்கும் அந்தி நேரத்திற்கும் கூடும் கரைகளின் பெயர்கள், வைணவப் பக்தியையும் இராமாயணத்தையும் தவிர வேறெதையும் கையோடு கொண்டுவர முடியாத உழவர்கள் வைத்தவை. வனவாசத்தின் கதைமாந்தரைக் காட்டுத்தீவுக்குப் பெயராக்கியதில் அவர்களின் நிலையும் பேசுகிறது. அவர்களுக்கு அத்தீவு முதலில் காட்சியாக வரவில்லை. வெட்டித் திருத்த வேண்டிய காடாகவும் நெல் விளைய வேண்டிய நிலமாகவுமே வந்தது.

தமிழரும் இவ்வடுக்கில் உள்ளனர். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் சிலர் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளராகக் குடியமர்த்தப்பட்டனர். ஒரு தீவின் தோட்டத்திலிருந்து மற்றொரு தீவின் தோட்டத்திற்கு அவர்கள் மாற்றப்பட்டனர். இடப்பெயர்வும் இடப்பெயரும் தமிழில் ஒரே சொல்லின் கிளைகள்போல் ஒலிப்பது இங்கே வெறும் ஒலியொற்றுமையாகத் தோன்றவில்லை.

ஆட்சியாளரின் பெயர்களை நீக்கும் முதல் முயற்சி இரண்டாம் உலகப் போரின்போது நிகழ்ந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் அந்தமானைக் கைப்பற்றினர். 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேயரில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். அந்தமானுக்கு 'ஷஹீத்' என்றும் நிக்கோபாருக்கு 'ஸ்வராஜ்' என்றும் பெயரிட்டார். முன்னது தியாகி, பின்னது தன்னாட்சி. உண்மையான ஆட்சி ஜப்பானியர் கையிலேயே இருந்தது. போஸ் வந்துபோன நாட்களில் மருத்துவர் திவான் சிங் செல்லுலர் சிறையில் சித்திரவதைக்கு உள்ளாகியிருந்தார். 1944 ஜனவரி 14 அன்று உயிரிழந்தார். அம்மாதம் 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 இந்தியர் உளவாளிகள் என்ற ஐயத்தின் பேரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலையின் பெயர் தரப்பட்ட மண்ணில் ஒரே மாதத்தில் நிகழ்ந்தவை இவை. பெயரிடுதல் ஆட்சியை உடன் கொண்டுவருவதில்லை என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

அந்நிகழ்வின் 75ஆம் ஆண்டு நிறைவில், 2018 டிசம்பர் 30 அன்று, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும், ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் ஷஹீத் தீவாகவும் மாற்றப்பட்டன. இரு பெரும் தீவுத்தொகுதிகளுக்குப் போஸ் கருதிய பெயர்கள் இரு சிறு தீவுகளில் வந்தமர்ந்தன. தூக்குக் கயிறுகளோடு நினைக்கப்படும் நீலின் இடத்தில் தியாகி என்ற சொல் வந்ததை வரலாற்று நியாயம் என்று சொல்வதில் பிழையில்லை. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. விடுதலைப் போரின் வெற்றியோடு, சோழரின் கடற்படைத் தளமாக இத்தீவுகள் விளங்கியதும் காரணமாகக் கூறப்பட்டது. இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, கடாரப் படையெடுப்பில் கொள்ளப்பட்ட இடங்களுள் 'மாநக்கவாரம்' ஒன்றைக் குறிப்பிடுவது உண்மை. அது சுட்டுவது நிக்கோபாரை. பத்துப் பாகைக் கால்வாய்க்கு வடக்கே உள்ள இத்துறைமுகத்தை அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அப்படையெடுப்பு எந்த அரசின் மேல் சென்றதோ அதன் பெயரே ஸ்ரீவிஜயம் என்பதால், புதிய பெயர் வரலாற்று மாணவரின் காதில் இருபொருள்பட ஒலிப்பதும் தவிர்க்க இயலாதது.

இம்மாற்றங்களுக்கிடையே 2023 ஜனவரியில் நிகழ்ந்த ஒன்று தனித்த கவனத்திற்குரியது. பெயரில்லாதிருந்த தீவுகளுள் மிகப் பெரியவை 21க்குப் பரம் வீர் சக்கரம் பெற்ற 21 வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவ்வீரர்கள் எவ்விதப் போற்றுதலுக்கும் உரியவர்கள். வினா 'பெயரில்லாத தீவு' என்ற தொடரைப் பற்றியது. எந்தப் பதிவேட்டில் பெயரில்லை? பல்லாயிரம் ஆண்டுகள் படகோட்டி, ஆமையும் மீனும் தேடி, காற்றின் திசைக்கேற்ப முகாம் மாற்றி வாழ்ந்த மக்கள், தங்கள் கண்ணுக்கெட்டிய தீவுகளைப் பெயர் சொல்லாமல் எவ்வாறு குறித்திருப்பர்? காலனிய அளவையாளரின் படத்தில் வெற்றிடமாக இருந்தது விடுதலைக்குப் பிந்தைய பட்டியலிலும் வெற்றிடமாகவே தொடர்ந்தது. 2018 முதல் 2024 வரை இங்குக் குறித்த மாற்றங்களுள் ஒன்றில்கூட அந்தமானிய மொழியொன்றின் பெயர் மீளவில்லை.

மீட்க ஏதும் எஞ்சவில்லை என்று சொல்ல முடியாது. பெரிய அந்தமானியக் குடும்பத்தில் பத்து மொழிகள் அறியப்பட்டுள்ளன. அகா-போ, அகா-ஜெரு, அகா-கோரா என அவற்றுள் பலவற்றின் பெயரில் முன்னிற்கும் 'அகா' வாயோடு தொடர்புடைய முன்னொட்டு. உடலின் பகுதிகளை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய முன்னொட்டுகள் அம்மொழிகளின் இலக்கணம் முழுவதிலும் ஊடுருவுகின்றன. உலகை உடலின் வழியே பகுத்துப் பேசிய மொழிகள் அவை. இ. எச். மேன் தொகுத்த அகா-பெயா அகராதி 1923இல் நூலாயிற்று. 1906-08இல் களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுன் 1922இல் தம் நூலை வெளியிட்டார். 2005 முதல் அன்விதா அப்பி எஞ்சிய பேச்சாளர்களோடு பணியாற்றி அகராதியும் இலக்கணமும் உருவாக்கினார். அவர் தொகுத்தவற்றுள் இடப்பெயர்களும் உண்டு. போர்ட் பிளேயருக்கு அம்மக்கள் வழங்கிய பெயர் 'லாவ்-தர-ஞோ'. ஞோ என்பது வீடு. லாவ் என்பது ஆவி. வெளியிலிருந்து வந்த இந்தியரையும் பிறரையும் அதே சொல்லால் அவர்கள் குறித்தனர் என்பதை ராட்கிளிஃப்-பிரவுனும் எழுதியுள்ளார். ஆவிகளின் வீடு, அந்நியரின் வீடு. குடியேற்றத்திற்குப் பின் எழுந்த நகரைப் பற்றி, அதனால் அழிந்தவர்கள் ஒரே சொல்லில் தீட்டிய வரலாறு அது.

அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 ஜனவரி 26 அன்று, ஏறத்தாழ 85ஆம் வயதில் காலமானார். அம்மொழியில் தம்மோடு பேச மனிதர் எவருமில்லாத ஆண்டுகளில் அவர் பறவைகளோடு பேசுவார் என்று அப்பி பதிவு செய்துள்ளார். பறவைகளைத் தம் முன்னோராகக் கருதும் மரபு அம்மக்களுடையது. ஏறத்தாழ ஐம்பது பேராக எஞ்சியுள்ள அவர்களுக்காக அரசு 1970ஐ ஒட்டி ஒதுக்கிய ஸ்ட்ரெய்ட் தீவும் ஆங்கிலப் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைக்குச் செல்லும் சாலையில் இவ்வரலாறு இன்னும் முடிவடையாமல் நிற்கிறது. அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவாக்களின் காப்பகத்தை ஊடறுத்துச் செல்கிறது. 'ஜாரவா' என்பதே அகா-பெயா மொழியில் வேற்றார் என்று பொருள்படும் சொல் என்பர். அம்மக்கள் தம்மை 'ஆங்' என்று அழைத்துக்கொள்கின்றனர். மறைந்துபோன ஒரு மக்கள் தம் அயலாருக்கு இட்ட பெயர், அரசுப் பதிவேட்டில் உயிர்வாழும் மக்களின் பெயராக நிலைத்திருக்கிறது. 1990களின் இறுதியில் அவர்கள் காட்டைவிட்டு வெளிவரத் தொடங்கிய சிறிது காலத்திலேயே, 1999இல், தட்டம்மை அவர்களைத் தாக்கியது. காப்பகத்திற்குள் செல்லும் சாலைப் பகுதியை மூடுமாறு 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2012இல் சுற்றுலாப் பயணிகள் முன் ஜாரவாப் பெண்களை ஆடவைத்த காணொளிகள் வெளியாகி நாட்டைத் தலைகுனிய வைத்தன. வாகன அணிவகுப்புகள் இன்றும் அவ்வழியே செல்கின்றன. 1877இல் நிகழ்ந்ததை 'அறியாமல் நேர்ந்தது' என்று சொல்லிக்கொள்ள அன்றையோருக்கு ஓரளவு இடமிருந்தது. இன்றையோருக்கு அவ்விடம் இல்லை.

பெயர்மாற்றத்தின் அறம் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. நீலின் பெயரை நீக்கியது சரி. அது காலம் கடந்து வந்த நீதி. ஆனால் ஒரு பேரரசின் வெற்றிப் பட்டியலை எடுத்துவிட்டு ஒரு நாட்டின் பெருமைப் பட்டியலை வைப்பதோடு பணி நிறைவுறுமானால், முதலில் பெயரிட்டவர்கள் இரண்டாம் முறையும் இல்லாதவராக்கப்படுகின்றனர். அவர்களின் பெயர்கள் அகராதிகளில் உள்ளன, ஒலிப்பதிவுகளில் உள்ளன. நியூசிலாந்தின் மிக உயர்ந்த மலை 1998 முதல் அவோராகி என்ற மாவோரிப் பெயரையும் குக் என்ற ஆங்கிலப் பெயரையும் ஒருசேரத் தாங்குகிறது. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைக்கு 1993இலேயே இரட்டைப் பெயர் வழங்கப்பட்டது. படகுத்துறைப் பலகையில் ஸ்வராஜ் தீவு என்ற பெயருக்கு அருகே பெரிய அந்தமானியப் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்க, எஞ்சியுள்ள மக்களைக் கேட்டு அவர்கள் ஒப்பினால், தடையாக நிற்கக்கூடியது எதுவுமில்லை.

ராதாநகரின் மணலில் மாலை நேரத்தில் அமர்வோர் அப்பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டால் கடலின் நிறம் குறைந்துவிடாது. அத்தீவுக்குத் தொடர்ந்து மூன்று பெயர்கள் இருந்திருக்கின்றன என்பதும், அவற்றுள் நெடுங்காலம் வழங்கியது எது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.